திருகின் கழுத்து

உங்கள் கீழ்வரிசை ஈறு கொஞ்சம் சிவந்திருக்கிறது, சார். பயப்பட ஒன்றுமில்லை, மென்மையான பிரஷ்ஷுக்கு மாறினால் சரியாகிவிடும். வாயைப் பார்த்தே பேசிப் பழகிவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செத்துப்போன என் மச்சினனும் பல் டாக்டர்தான். மனைவியின் தம்பி. ஒரே கிளினிக்கில் அடுத்தடுத்த அறைகளில் வேலை பார்த்தோம். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று அவன் அக்கா பெருமைப்படுவாள். எனக்கும் அவன்மேல் பிரியம்தான். நான் வடிவமைத்த திருகை முதன்முதலில் அவன் தாடையில்தான் வைத்தேன்.

பல் போன இடத்தில் எலும்புக்குள் இறக்கும் டைட்டானியம் திருகு அது. மற்றவர்கள் அதன் கழுத்தை, ஈறை ஒட்டிய மேல்பகுதியை, வழவழப்பாக விடுவார்கள். நான் கழுத்துவரை சொரசொரப்பாக்கினேன். எலும்பு உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்ளும் என்பது என் கணக்கு. பிடிக்கவும் செய்தது. ஊரில் பாதிப் பேர் என் புண்ணியத்தில்தான் மெல்லுகிறார்கள்.

சில வருஷம் கழித்து, ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அவன் ஆரம்பித்தான்.

"மாமா, ஈறு கொஞ்சம் இறங்கினாலே அந்தச் சொரசொரப்புல அழுக்கு ஒட்டிக்குது. தேய்ச்சாலும் போகல. சீழ் பிடிச்சு எலும்பு கரையுது. எனக்கே கரைஞ்சிருக்குன்னு நினைக்கிறேன்."

"ஆடுதா?"

"அடியில பிடிப்பு இருக்கிற வரைக்கும் ஆடாது மாமா, வலிக்கவும் வலிக்காது. அதான் ஆபத்தே. வெச்சுக்கிட்ட எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிடலாம். நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்."

எக்ஸ்ரேயில் பக்கவாட்டு எலும்புதான் தெரியும். உதட்டுப் பக்கத்து எலும்பைத் திருகே மறைத்துவிடும். ஈறைத் திறந்து பார்த்துவிடலாம் என்றேன். நியாயம்தான் என்றான். கிளினிக் விடுமுறையன்று அவனாகவே வந்து நாற்காலியில் சாய்ந்தான். "பார்த்துப் பண்ணுங்க மாமா, அக்கா திட்டும்" என்று சிரித்தான்.

மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைக் கீறி விலக்கினேன். உதட்டுப் பக்கம் எலும்பே இல்லை. திருகின் புரிகள் பாதிவரை அம்மணமாக நின்றன, சுற்றிலும் சீழ். எனக்கு அவமானமாக இருந்தது. அவன் கைக்கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, "நான் சொன்னேன்ல மாமா" என்று குழறினான். அதில் துளிக்கூடக் கேலி இல்லை. என்னைத் தேற்றுவதுபோல முழங்கையைத் தட்டிக் கொடுத்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எலும்பு செதுக்கும் உளியும் சுத்தியலும் தட்டில் இருந்தன. திருகை ஒட்டி உளியை வைத்து அடித்தேன். அவன் திமிறினான், முழங்காலை அவன் நெஞ்சில் ஊன்றிக்கொண்டேன். என் விரலில் இந்தக் கட்டுக்குள் இருப்பது அவன் கடித்த காயம். தாடை பிளந்ததும் ரத்தம் தொண்டைக்குள் இறங்கியது. உறிஞ்சுகுழாய் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது, நான் எடுக்கவில்லை. அவன் அடங்கிய பிறகும் அடித்தேன். அரைகுறையாக விட்டால் எது கரைந்தது, எது உடைந்தது என்று யாராவது பிரித்துப் பார்த்துவிடுவார்கள் இல்லையா? பொடியாகும்வரை பொறுமையாகச் செய்தேன்.

என் மனைவி ஸ்டேஷன் வாசலில் அழுதுகொண்டிருப்பதாகச் சொன்னீர்கள். அவள் வாயிலும் என் திருகுதான். போன மாதம், துப்பினால் ரத்தம் வருகிறது என்றாள். அழுத்தித் தேய்க்காதே என்று சொன்னேன்.

நீங்கள் இன்னும் பேனாவைத் திறக்கவில்லை, நல்லது. ஆத்திரத்தில் கை தவறிவிட்டது என்று சொல்லிப் பார்க்கலாம் என்கிறார் வக்கீல். அதெல்லாம் வேண்டாம். தெரிந்தேதான் கொன்றேன், எந்தத் தண்டனையும் வாங்கிக் கொடுங்கள். ஆனால் இதை மட்டும் நான் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள்: அவன் எலும்பு கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது. முழுவதையும் நான்தான் உடைத்தேன்.