நெற்றியில் கொஞ்சம் இறுக்கம்

உங்கள் ஹெல்மெட் உங்களுக்கு ஒரு சைஸ் பெரியது, மேடம். நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டேஷன் படி ஏறும்போதே பார்த்தேன். கண்ணை மறைக்கிறது என்று ஒரு விரலால் மேலே தள்ளிவிட்டுக்கொண்டீர்கள். தள்ளினால் நகரும் ஹெல்மெட் விழும்போதும் நகரும். போட்டுக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பாருங்கள், கன்னத்துத் தோலும் கூடவே ஆட வேண்டும். வாருக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம், மூன்றாவது நுழையக் கூடாது. புதிதில் கன்னம் உப்பி, வாயில் கொழுக்கட்டையை வைத்திருப்பவர் மாதிரி இருப்பீர்கள். கொஞ்ச நாளில் பஞ்சு படிந்து சரியாகிவிடும்.

இதைச் சொல்லவா இந்த ஆள் காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் என்று நினைப்பீர்கள். இல்லை. ஆனால் இது தெரிந்தால்தான் மற்றது புரியும். அந்தப் போலீஸ்காரத் தம்பி எழுதிக்கொள்ளட்டும், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் சௌகத் அலி. பேகம்பூரில் பைக் சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். என் அத்தா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். நான் ரெக்ஸினுக்கு வந்தேன். ஹெல்மெட் கட்டாயம் என்று ஆனபிறகு ஹெல்மெட்டும் விற்றேன், நைந்துபோன உள்துணியை மாற்றித் தைத்தும் கொடுத்தேன். ஹெல்மெட்டுக்குள் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. வெளியே ஓடு. அதற்குள் வெள்ளையாகத் தெர்மாகோல். அதன்மேல் பஞ்சும் துணியும். பஞ்சு சுகத்துக்கு, தெர்மாகோல் உயிருக்கு. அடி விழும்போது அது நசுங்கி, அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போக வேண்டும் என்றால் தலைப்பாகை உருப்படியாக இருக்க வேண்டும் இல்லையா.

ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு எதிலும் சுகம் வேண்டும். சைஸ் பார்க்காமல் வாங்கிவிட்டு, "பாய், உள்ள லேசா சுரண்டி விடுங்க" என்று வந்து நிற்பார்கள். கரண்டியால் அமுக்கிக் கொடுப்பவர்களும் ரோட்டோரத்தில் இருக்கிறார்கள். நான் செய்ததே இல்லை. சண்டை போட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு, போகட்டும் என்று விட்டிருக்கிறேன். என் மகள் இஃப்பத் ரெக்ஸின் துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். சின்ன வயதிலேயே வருகிறவர்களிடம் எனக்கு முன்னால் அவள் சொல்லிவிடுவாள்: "எங்க அத்தா துணியிலதான் கை வைப்பாங்க, தெர்மாகோல்ல வைக்க மாட்டாங்க." கேட்டவர்கள் சிரித்துவிட்டு வேறு சைஸ் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அவள் அம்மா சீக்கிரமே மௌத்தாகிவிட்டாள். அதற்குப்பிறகு எனக்கு இஃப்பத், இஃப்பத்துக்கு நான். மறுமணம் செய்துகொள்ளச் சொன்னார்கள், மகளுக்காக வேண்டாம் என்றேன். ஊரே என்னை மெச்சியது. இஃப்பத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது, துபாயில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் வந்தான். அவர்களையும் மகளுக்காகத்தான் வேண்டாம் என்றேன். கடைசியில் இஷாக் வந்தார். பெரிய பிரியாணிக் கடைக்கு ஆடு பிடித்துக் கொடுக்கிறவர், வியாழக்கிழமைதோறும் அய்யலூர் சந்தைக்குப் போவார். திண்டுக்கல்லை விட்டுப் போகக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். சரி மாமா என்றார். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துக் கொடுத்தேன். மதியம் இஃப்பத் கடைக்குச் சோறும் வெஞ்சனமும் கொண்டுவருவாள். நான் சாப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, என் சட்டையில் ஒட்டியிருக்கும் நூலையும் பஞ்சையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவாள். எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

இஷாக்கைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, ஒரு சொல் கூட்டிப் பேசமாட்டார். அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது. கெட்டவன் என்றால் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமே.

போன வருடம் ஒருநாள் கடைக்கு வந்து, கோயம்புத்தூரில் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து சொந்தமாகப் பிரியாணிக் கடை போடப் போவதாகச் சொன்னார். பெருநாள் முடிந்ததும் இஃப்பத்தோடு கிளம்புவதாக ஏற்பாடு. "இந்தா இருக்கு கோயம்புத்தூரு. காலையில கிளம்புனா மதியச் சாப்பாட்டுக்கு வந்துரலாம் மாமா" என்றார். நல்ல காரியம் மாப்பிள்ளை என்றேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரமே வரவில்லை. வந்திருந்தால் திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், அதோடு போயிருக்கும்.

கோயம்புத்தூருக்குக் கடை பார்க்கப் போன இடத்தில் அவர் ஒரு புது ஹெல்மெட் வாங்கியிருந்தார். நல்ல சாமான்தான், ஆனால் ஒரு சைஸ் சின்னது. ஒரு புதன்கிழமை மதியம், லுகர் தொழுதுவிட்டு வந்து கடையைத் திறக்கிறேன், அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"நெத்தியில கொஞ்சம் இறுக்கமா இருக்கு மாமா. போட்டுட்டுப் போனா சாயங்காலம் வரைக்கும் தலவலி. நீங்க செத்த பாத்து விடுங்க."

வேறு யாராக இருந்தாலும் மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருப்பேன். அவர் அளவில் என் அலமாரியிலேயே ஒன்று இருந்தது. கை நீட்டினால் எட்டும். நான் கை நீட்டவில்லை. வைத்துவிட்டுப் போங்க மாப்பிள்ளை என்றேன்.

துணியைக் கழற்றினேன். ரெக்ஸின் வெட்டும் கத்தியால் நெற்றிப் பக்கம் லேசாகச் சீவினேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூட அவர் தலைக்குப் போதுமான இடம் கிடைத்திருக்கும். பிறகு இரண்டு நெற்றிப்பொட்டுப் பக்கமும் சீவினேன், பிறகு பின்மண்டையில். ஓடு தெரியும்வரை சீவினேன். காலியான இடத்தில் மெத்தென்ற பஞ்சை வைத்து, துணியைப் பழையபடி மூடித் தைத்தேன். வெள்ளைக் குருணை நான் கட்டியிருந்த சாரம் முழுக்க ஒட்டியிருந்தது, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் ஒரு லைனிங் தைத்ததில்லை. சாயங்காலம் அவர் போட்டுப் பார்த்தார்.

"போட்ட மாதிரியே தெரியல மாமா. பூ மாதிரி உக்காருது."

நான் அவரைத் தள்ளிவிடவில்லை. வண்டியில் கை வைக்கவில்லை. விழுவதும் விழாமல் இருப்பதும் அல்லாஹ்வின் நாட்டம், நான் மாப்பிள்ளை கேட்டதைச் செய்து கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டேன். செத்துப்போகட்டும் என்று ஒருதடவைகூட மனதுக்குள் சொன்னதில்லை. சின்னதாக ஓர் அடி படும், பயணம் தள்ளிப்போகும் என்றுதான் நினைத்தேன். தெர்மாகோலைப் பற்றி ஊருக்கே பாடம் எடுத்தவன் நான். சின்ன அடி என்று எப்படி நினைத்தேன் என்று நீங்கள் கேட்கலாம். நான் என்னைக் கேட்கவில்லை.

அவர் உடனே விழவும் இல்லை. வாராவாரம் சந்தைக்குப் போனார், வாராவாரம் நல்லபடியாகத் திரும்பினார். அவர் வந்ததும் இஃப்பத் போன் செய்து, "வந்துட்டாங்கத்தா" என்பாள். அல்ஹம்துலில்லாஹ் என்பேன். பொய் இல்லை, மேடம், நெஞ்சிலிருந்துதான் சொன்னேன். போனை வைத்ததும் அடுத்த வியாழனை நினைப்பேன். மாப்பிள்ளை, அந்த ஹெல்மெட்டைக் கொண்டாங்க, ஒரு வேலை பாக்கி இருக்கு என்று சொன்னால் தீர்ந்தது. வீட்டில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார், சோற்றோடு சேர்த்து அந்த வார்த்தையையும் விழுங்குவேன். கிளம்பும்போது பார்த்துப் போங்க என்று வாசல்வரை வந்து சொல்வேன். அவருக்குத் தகப்பன் கிடையாது. நான் அப்படிச் சொல்வது அவருக்குப் பிடிக்கும்.

பெருநாளுக்கு முந்தின சந்தை. திரும்பி வரும்போது, வடமதுரையைத் தாண்டுவதற்குள் ஒரு நாய் குறுக்கே ஓடியது. வேகம் ஒன்றும் இல்லை. வண்டி சாய்ந்தது, பின்னால் இருந்த ஹாமித்தும் அவரும் ரோட்டில் விழுந்தார்கள். ஹாமித் அவரிடம் வேலை பார்த்த பையன், என் கடையில் வாங்கிய பழைய ஹெல்மெட் போட்டிருந்தான். அவனுக்குக் கை மட்டும் ஒடிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் மாப்பிள்ளையின் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெளிய பெருசா ஒண்ணும் ஆகலையே. இதைப் போட்டும் உள்ள இம்புட்டு அடியா" என்றார். பிறகு அவரே விதி என்றார். நான் தலையாட்டினேன். ஹெல்மெட்டை நானே வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் மையத்தை அடக்கத்துக்கு எடுக்கும்போது ஹாமித் மாவுக்கட்டோடு வந்து என் பக்கத்தில் நின்றான்.

"ஒண்ணாத்தான் விழுந்தோம் மாமா. எந்திரிச்சு வர்ற மாதிரி விழுந்ததுதான் அது. அவரு மட்டும் ஏன் எந்திரிக்கல?"

துக்கம் கேட்க வந்த பெண்களிடம் இஃப்பத் சொல்லிக்கொண்டிருந்தாள், அத்தா தன் கையால் சரிசெய்து கொடுத்த ஹெல்மெட், அதற்குமேல் மனுசனால் என்ன செய்ய முடியும் என்று. அந்தச் சொல்லைக் கேட்ட இடத்திலேயே நான் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. வந்தவர்களுக்கு டீ போதுமா என்று பார்க்கப் போனேன்.

இஃப்பத் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். புருஷனை இழந்த பெண் வெளியே போகாமல் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா காலம் எங்களுக்கு நான்கு மாதத்துக்கு மேல். அது முழுவதும் அவள் வாசல் தாண்டவில்லை. சரியாகச் சாப்பிடமாட்டாள், சுவரைப் பார்த்தபடி இருப்பாள். சொல்ல வாய் கூசுகிறது, ஆனால் சொல்லத்தான் வந்திருக்கிறேன். மதியம் வீட்டுக்குப் போவேன், சோறு போட்டு வைத்திருப்பாள், சட்டையில் ஒட்டியிருக்கும் நூலை எடுப்பாள். நான் சந்தோஷமாக இருந்தேன்.

இத்தா முடிந்ததும் அவள் எழுந்துவிட்டாள். கோயம்புத்தூர்க் கடையில் அவள் புருஷன் போட்ட பங்கு அப்படியே இருக்கிறது, அந்தக் கூட்டாளியும் அவர் மனைவியும் வரச் சொல்கிறார்கள், அடுக்களையைத் தான் பார்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். ஸ்கூட்டி ஓட்டவும் கற்றுக்கொண்டாள். நல்ல காரியம்மா என்றேன். முந்தாநாள் ஒரு சிவப்பு ஹெல்மெட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். என் கடையில் எடுக்கவில்லை, போனிலேயே ஆர்டர் போட்டு வரவழைத்திருக்கிறாள்.

"நெத்தியில கொஞ்சம் இறுக்கமா இருக்குத்தா."

சாயங்காலம் தருகிறேன் என்றேன். அவள் போனதும் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதையும் யோசிக்கவில்லை, மேடம். அவளை நினைத்தேன், மதியச் சோற்றை நினைத்தேன், வீடு எப்படி இருக்கும் என்று நினைத்தேன். பாங்கு சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்தால், சாரம் முழுக்க வெள்ளைக் குருணை.

இந்தச் சாக்கில் இரண்டு ஹெல்மெட்டும் இருக்கின்றன. கறுப்பு ஹெல்மெட் மாப்பிள்ளையுடையது, துணியைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். சிவப்பை அவளிடம் கொடுத்துவிடாதீர்கள். இன்னும் தரவில்லையே என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குச் சரியான சைஸில் வேறு ஒன்று யாராவது வாங்கிக் கொடுங்கள், கன்னம் உப்பினாலும் பரவாயில்லை, கழற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தம்பி, மேலே எல்லா இடத்திலும் மகளுக்காக என்று எழுதியிருப்பீர்கள். அதை அடித்துவிடுங்கள்.