கரடி மேல ஏழு குத்தம்

ஆமாங்க, கரடி மேல ஏழு குத்தம் எழுதிப் போட்டது நான்தான். மேலாளர் காட்டினாரா? முழுசாவா? அடடா. அஞ்சாவதுக்குக் கீழ அ, ஆன்னு உட்பிரிவு வேற போட்டிருப்பேன். பழக்கதோஷம். நான் முன்னாடி அச்சகத்துல பிழை திருத்திட்டு இருந்தவன். அச்சகத்தை மூடிட்டாங்க. பிழை திருத்தற வியாதியை மூட ஆளில்ல.

எழுந்திரிக்காதீங்க, உட்காருங்க. கரடித் தலையையும் கழட்ட வேண்டாம். வேஷத்துல இருக்கறவங்க பேசக்கூடாதுன்னு இங்க சட்டம், தெரியும். நல்ல சட்டம். எங்க வீட்டுல ஒரு கரடித் தலை வாங்கி வச்சிருந்தா பாதிச் சண்டை வந்திருக்காது. நான் பேசறேன், நீங்க தலையை ஆட்டினா போதும். ஊர்வல முரசு அடிக்க இன்னும் கால் மணி நேரம் இருக்கு.

தலையைச் சாய்க்கறீங்க. எப்படி உள்ள விட்டாங்கன்னா? பக்கத்துக் கதவு காவலாளி எனக்கு வேண்டியவர். இருங்க, அந்த மின்விசிறி தானா திரும்பாது, கழுத்துல ஒரு தட்டு தட்டணும். ஆங். காத்து வருதா?

விஷயத்துக்கு வர்றேன். எங்களுக்கு ஒரே பொண்ணு, பன்னிரண்டு வயசு. வீட்டுல அவளுக்கு சூப்பர்வைசர்னு பேரு, அவ அம்மா வச்சது. அதிகம் பேசமாட்டா. பேசினா ஏதாவது எண்ணுவா, இல்லன்னா தப்புன்னு சொல்வா. அலமாரியில டம்ளர் இடம் மாறியிருந்தா தப்பு. நான் பொத்தானை மாத்திப் போட்டிருந்தா தப்பு. டாக்டர் அவ நிலைமையைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார். அதுல மூணு எழுத்துப்பிழை, நான் சிவப்பு மையில வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதைப் பார்த்துட்டு அவ அம்மா கேட்டா, டாக்டர், இதுல எது வியாதி, எது அப்பன் குணம்னு தனித்தனியா எழுதிக் கொடுங்கன்னு.

சிரிக்கறீங்க போல, தோள் குலுங்குது. சிரிங்க.

ஆனா ஒண்ணு. அவளை யாரும் தொடக்கூடாது. தொட்டா கத்துவா. அடம் இல்லங்க, அவளுக்கு நிஜமாவே எரியுமாம். நகம் வெட்டணும்னா ரெண்டு நாள் பேச்சுவார்த்தை. ரோடு தாண்டறதுக்கு நாங்க ஒரு குடை வச்சிருக்கோம். மழைக்கு இல்ல. குடையோட அந்த முனையை அவ பிடிச்சுக்குவா, இந்த முனையை நான் பிடிச்சுக்குவேன். வெயில்ல ரெண்டு பேரும் மடக்கின குடையைப் பிடிச்சுட்டுப் போறதைப் பார்த்து எங்க தெருவுல என்னென்னவோ சொல்லிக்கறாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

அப்படிப்பட்டவளுக்கு இந்தப் பூங்கா ஊர்வலம்னா உசுரு. எட்டு வருஷமா சனிக்கிழமை தவறினதில்ல. அவ அம்மாதான் கூட்டிட்டு வருவா, எனக்கு அந்த நேரம் வேலை. இப்பதான், முட்டி தேஞ்சு போச்சு, எடை தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார், வேலையை விட்டுட்டேன். நாலு வாரமா நானும் கூட வந்து உட்கார்றேன். மூணாவது விளக்குக் கம்பம், குப்பைத் தொட்டிக்கு இந்தப் பக்கம். அவளுக்கு ஒரு மடக்கு முக்காலி, முரசுச் சத்தத்துக்குக் காதுக்கு மூடி, கையில, இவளை மாதிரிப் பிள்ளைங்களுக்குப் பூங்காவுல கட்டற மஞ்சள் பட்டை. பட்டை இருந்தா கூட்டத்தைத் தடுக்கற கயித்துக்கு முன்னாடி உட்காரலாம்.

முதல் வாரமே ஒரு அம்மா என்கிட்ட, பார்த்தா ஒண்ணும் தெரியலையே, இவளுக்கு எதுக்குங்க பட்டைன்னாங்க. பார்த்தா தெரியலங்கறதாலதாம்மா பட்டை கட்டியிருக்காங்கன்னேன். அவங்க கணவர் அதுக்குள்ள என் பக்கத்துல வந்து, எங்க பையனும் ஒரு மாதிரிதான் சார், கிடைக்குமான்னு கேட்டார். அந்தப் பையன் ஊர்வலம் முடியறவரைக்கும் போன்ல ஊர்வலத்தைப் படம் பிடிச்சான். நேர்ல ஒரு தடவை கூட நிமிர்ந்து பார்க்கல. யாருக்குப் பட்டை கொடுக்கணுங்கறது பெரிய ஆராய்ச்சிங்க.

எங்க சூப்பர்வைசர் அப்படி இல்ல, ஒவ்வொண்ணா எண்ணுவா. வாத்து ஆறு, ரயில் பெட்டி நாலு, ராஜா ஒண்ணு, ராணி ஒண்ணு. ஒரு தடவை அஞ்சு வாத்துதான் வந்துது. ஆறாவது வாத்துக்குக் காய்ச்சல். அவ தப்புன்னு கத்தி, மொத்த ஊர்வலத்தையும் திரும்ப ஆரம்பத்துக்குப் போகச் சொன்னா. என்னைக் கேட்டா அவ சொன்னது நியாயம். இன்னொண்ணு, இதை ஊர்வலம்னு சொல்றதே பிழை. குளத்தை இடப்பக்கமா சுத்திட்டுப் போறீங்க. வலம் எங்க இருக்கு இதுல? சரி, சரி. அது ஏழு குத்தத்துல சேராது.

கரடி. பதினேழாவதா வரும். மூணாவது விளக்குக்கிட்ட நிக்கும். வலது கையால வயித்துல ரெண்டு தட்டு. ஒரு கும்பிடு மாதிரி குனிஞ்சு, இடது கையை உள்ளங்கை மேல பார்த்த மாதிரி நீட்டும். அப்புறம் அசையாது. இவ முக்காலியிலேருந்து எழுந்து போய், அந்த ரோமக் கையில நெத்தியை வச்சுக்குவா. அவளா. தானா. பதினொண்ணு எண்ணுவா. எண்ணி முடிச்சதும் திரும்பி வந்து உட்கார்ந்துக்குவா, ஒண்ணுமே நடக்காத மாதிரி.

பதினொண்ணு ஏன்னா எனக்குத் தெரியாது. கேட்டா பதினொண்ணுன்னுதான் பதில் வரும்.

கரடிக்குப் பின்னாடி வர்ற தேன் வண்டியை ஓட்டறவர் மொதல்ல எல்லாம் ஆரன் அடிப்பார். அப்புறம் பழைய மேலாளரே அட்டவணையில ஏத்திட்டார்: மூணாவது விளக்கு, கரடி மூச்சு வாங்கும் இடம். இப்ப இருக்கறவர் புதுசு. அந்த வரியை அடிச்சுட்டார் போல. உங்க மேல தப்பில்ல, உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

நாலு வாரம் முன்னாடி நீங்க வந்தீங்க. நிக்கல. இடது கையால தட்டினீங்க, மூணு தட்டு. இடுப்பை ஆட்டி ஒரு டான்ஸ் வேற. கூட்டம் கை தட்டுச்சு. இவ முக்காலியோட சிலையாயிட்டா. தப்புன்னு கூடச் சொல்லல, அதான் எனக்கு பயமாயிடுச்சு. வீட்டுக்கு வந்து சாப்பிடல. ரெண்டு நாள் பேச்சே இல்ல, எண்ணிக்கை கூட இல்ல. அதுக்கப்புறம் உட்கார்ந்து எழுதினதுதான் அந்தக் கடிதம். கரடி எப்படி நிக்கணும், எந்தக் கை, எத்தனை தட்டு, எல்லாம். கீழ கையெழுத்துக்குப் பதிலா, மூணாவது விளக்கடிக் குடும்பம். கொஞ்சம் பெருமையாதான் இருந்துது எழுதி முடிச்சப்ப. இத்தனை துல்லியமா ஒரு கரடியைப் பத்தி யாரும் எழுதியிருக்க மாட்டாங்க.

ரெண்டாவது வாரம், மூணாவது வாரம், அதே கதை. நீங்க ஆடிட்டுப் போறீங்க, இவ விளக்குக் கம்பத்தைப் பார்த்துட்டு இருக்கா. நான் அவளுக்கு விளக்கம் சொல்றேன். கரடிக்கு உடம்பு சரியில்ல, கரடி லீவுல போயிருக்கு, இது கரடியோட தம்பி. பொய் சொன்னாலும் இலக்கணமா சொல்லணும் பாருங்க. தம்பின்னதும் என்னை ஒரு பார்வை பார்த்தா. எங்க அச்சக முதலாளி கூட அப்படிப் பார்த்ததில்ல.

போன சனிக்கிழமை நீங்க வந்தீங்க. மூணு தட்டு, இடது கை. டான்ஸ். இவ கடைசி வரைக்கும் உங்களையே பார்த்தா. தேன் வண்டியும் போயிடுச்சு. முக்காலியிலேருந்து எழுந்தா. நான் குடையை எடுத்து நீட்டினேன், வழக்கம் போல. அவ குடையைப் பிடிக்கல. என் எதிர்ல வந்து நின்னா. என் வலது கையைப் பிடிச்சா. என் கையை. எடுத்து என் வயித்துல ரெண்டு தட்டு தட்டினா. அப்புறம் இடது கையை இழுத்து, உள்ளங்கையை மேல திருப்பி வச்சா. திருப்பி வச்சுட்டு, நெத்தியைக் கொண்டு வந்து முழங்கைக்குக் கீழ, இங்க, வச்சா.

பதினொண்ணு.

அவ அம்மா கையில ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரைக்கும் ஓடிட்டு இருந்துது. நான் அசையல. எனக்கு அசையாம நிக்கத் தெரியும்.

தலையைச் சாய்க்காதீங்க. நேராவே பாருங்க. நீங்க இப்ப என்னைக் கரடியோட வாய் வழியாதானே பார்க்கறீங்க? கண்ணு வழியா ஒண்ணும் தெரியாது, அது வெறும் கண்ணாடி. கன்னத்துல ஒரு பஞ்சு பிதுங்கி உரசும், அதை நாக்காலதான் தள்ளணும். எட்டு வருஷம் தள்ளியிருக்கேன்.

ஆமா. உள்ள யாருன்னு வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிக்கறாங்க இல்ல, அவகிட்ட மறைச்சது அதனால மட்டும் இல்ல. சொல்லிட்டா அப்புறம் கரடியையும் தொடமாட்டாளோன்னு பயம். பெத்த பொண்ணு நெத்தியை வைக்கறதுக்கு வாரத்துல ஒரு நாள் பதினோரு கிலோ ரோமத்தை மாட்டிக்கிட்டேன். நல்லா ஏமாத்தறோம்னு வேற நெனச்சுட்டு இருந்தேன். அவ அம்மா சொல்றா, உங்களுக்கு வீட்டுலயும் அதே நடைதான், நாலு வயசுலயே அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்னு. எட்டு வருஷமா ஒருத்தன் தப்பா நெனச்சுட்டு இருந்ததை, தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லாம விட்டிருக்கா பாருங்க. அந்த ஒண்ணை மட்டும் திருத்தல.

அதனால, அந்தக் கடிதத்தைப் பத்தி. மேலாளர் அதை இந்த வாரம்தான் பிரிச்சுப் படிச்சாராம், காவலாளி சொன்னார். மேலாளர் இன்னைக்கு உங்களை எல்லாத்தையும் சரியாப் பண்ணச் சொல்லியிருப்பார். வலது கை, ரெண்டு தட்டு, மூணாவது விளக்குல நிக்கறது. ஒத்திகை வேற பார்த்திருப்பீங்க. பார்த்தீங்களா? பாவம்.

பண்ணாதீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்க சரியாப் பண்ணிட்டா அவ திரும்ப உங்ககிட்ட வந்துடுவாளோ என்னவோ, நான் அந்தப் பந்தயத்துக்குத் தயாரா இல்ல. மேலாளர்கிட்ட நான் பேசிக்கறேன். ஏழு குத்தமும் வாபஸ், அ, ஆ உள்பட. இடது கை. மூணு தட்டு. நிக்காதீங்க. டான்ஸ் கொஞ்சம் தூக்கலாவே இருக்கட்டும்.

முரசு கேக்குது. போங்க, வாத்துங்க கிளம்பிடும். இடது கையுறைக்குள்ள ஒரு தையல் குத்தும், அது நான் போட்டது, மன்னிச்சுக்குங்க. இருங்க, திரும்புங்க, வால் மடிஞ்சிருக்கு. ஆங். மூணு, மறந்துடாதீங்க. ரெண்டு இல்ல.