தட்டில் போட்ட சிவப்பு

“ஞாயித்துக்கிழமன்னா அதுகளுக்குப் பசிக்காதா?”

அறுபதுகளில் ஒருநாள், பரேலில் லோக்கல் ரயில் ஏறிய ஒரு பெண் தன் கணவனிடம் இப்படிக் கேட்டாள். நான் பேப்பரை மடித்துவிட்டேன். கோழி வளர்க்கிறாளோ என்று நினைத்தேன். இல்லை. ஆஸ்பத்திரி லேபில், கண்ணாடித் தட்டில் வளரும் எலியின் செல்களுக்கு ஆகாரம் ஊற்றுகிறவளாம். தாராவியில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். கணவனுக்கு அம்பர்நாத்தில் சாயக் கம்பெனி வேலை, பல பேரோடு ஒரே அறை. விரலெல்லாம் சிவப்பு.

“நீங்க பொட்டலம் கட்டிக் குடுத்த சாயப்பொடிய டாக்டரம்மா ஒரு தட்டுல போட்டுப் பாத்தாவ.”

“என்னாச்சு?”

“நல்ல செல்லு ஒண்ணையொண்ணு தொட்டதும் வளராம நின்னுரும். இது நிக்கல. ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கெடக்கு. புத்துநோய்ல அப்படித்தான் ஏறுமாம். இன்னும் பாக்கணும்னாவ. நீங்க அந்த வேலைய விட்டுருங்க.”

“விட்டா கம்பெனி குவார்ட்டர்ஸும் போயிரும்லா. தை மாசம் சாவி தாரேன்னு மேனேஜர் சொல்லிட்டான்.”

மாட்டுங்கா வந்து போயிற்று. பிறகு அவன்தான் ஆரம்பித்தான்.

“ஒரு வருசம் சேந்து இருப்போம்ட்டி. அப்புறம் விட்டுருதேன்.”

தாராவிக்கு இறங்க வேண்டிய சயான் வந்ததும் அவள் எழுந்து கதவருகே போனாள். பின்னால் நின்றவர்கள் ‘சலோ, சலோ’ என்று தள்ள, அவர்களை இடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

“அந்த வீட்டு அடுக்களைக்கு சன்னல் உண்டுன்னீங்களே, எந்தப் பக்கம்?”