பன்றிமூக்கு ஸ்கங்க்குக்கு ஒரு மார்க்

மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில் என்னோடு சேர்த்துப் பதினேழு பேர் நின்றோம். எனக்கு முழங்கால் வலி. எதிர் சீட்டில் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள்.

“பன்றிமூக்கு ஸ்கங்க்காலதான்டி உனக்கு வினாவிடை டீம் போச்சு,” என்றாள் ஜன்னலோரத்தவள்.

“நாத்தம் அடிக்கிற அந்த அமெரிக்கா மிருகமா? கொனெபேட்டஸ்னு விஞ்ஞானப் பேரைக்கூட எழுதுனேன். தனிக் குடும்பம்னு சொன்னதுக்கு சார் பிழை போட்டாரு.”

“நான் நீர்நாய்க் குடும்பம்னு எழுதி, ஒரு மார்க்குல உள்ள போயிட்டேன். நேத்து ஃபோன்ல பார்த்தா, மரபணுவ ஆராஞ்சு எப்பவோ தனியா பிரிச்சிட்டாங்களாம். சார் பார்த்துத் திருத்துன நம்ம லைப்ரரி புத்தகம் டவுன் ஸ்கூல்ல கழிச்சுக் குடுத்த பழசுதானடி.”

“அப்ப நுவரெலியா போட்டிக்கு நான்தான் போகணும்.”

“ஆமா. நாளைக்கு சார்கிட்ட சொல்றேன்.”

பஸ் நான்கு வளைவுகளைக் கடந்தது.

“போட்டிக்குன்னு அம்மா புதுச் சப்பாத்து வாங்கிட்டாங்கடி,” என்றாள் ஜன்னலோரத்தவள்.

மற்றவள் குனிந்து அவள் பாதங்களைப் பார்த்தாள்.

“என்ன சைஸ்?”

“அஞ்சு.”

“எனக்கும் அஞ்சுதான். அன்னைக்கு ஒரு நாளைக்குக் குடு.”