ஏழு பாயிண்டு

ஸ்டேஷன் காப்பி வெந்நீரா இருக்கும்னு நெனச்சுத்தான் வந்தேன் மேடம், இது நல்லாவே இருக்கு. எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு ஏட்டையா போன்லயே சொல்லிட்டாரு. கார் எரிஞ்ச கேஸுல இஞ்சின் சமாச்சாரம் ஒங்களுக்குப் புரியலையாம், நான் வந்து வெளக்கணுமாம். வெளக்குறேன். கீரனூர்ல பதினாறு வருஷமா ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். ஊருப்பட்ட வண்டிக்கு வேகம் ஏத்திக் குடுத்திருக்கேன். ஆனா எம்பதுக்கு மேல போனா எனக்குக் கொமட்டிக்கிட்டு வரும். சிரிக்கலாம் மேடம், நானே சிரிப்பேன்.

சூப்பர்சார்ஜர்ங்கிறது வேற ஒண்ணுமில்ல. இஞ்சின் தானா இழுக்கிற காத்து பத்தாதுன்னு, பெல்ட் போட்டு ஒரு பம்பைச் சுத்தவிட்டுக் காத்தைத் திணிக்கிறது. வயிறு நெறஞ்சவன் எலையில மேல மேல சோத்தை வைக்கிற மாதிரி. அந்த அழுத்தத்துக்குப் பேருதான் பூஸ்ட், அதைப் பாயிண்டுலதான் அளப்போம். கம்பெனியில வந்தபடி இருக்கிற இஞ்சினுக்கு ஆறு, ஏழு பாயிண்டு, அதுதான் வழக்கம். உள்ள பிஸ்டன், ராடு எல்லாம் பலமா மாத்திட்டா பன்னெண்டு, பதினஞ்சு கூடப் போகலாம். மாத்தாமப் போனா ஒருநா ராடு ஒடைஞ்சு இஞ்சினைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துரும். கொதிக்கிற சைலன்சர் குழாய்மேல ஆயில் கொட்டும். அப்புறம் என்ன ஆகும்னு நீங்கதான் போட்டோ எடுத்து வச்சிருக்கீங்களே.

ஜஸ்டின் என்கூடப் படிச்சவன். சிங்கப்பூர்லருந்து வந்தப்ப அந்தச் சார்ஜரைப் பெட்டியில கட்டிக் கொண்டாந்தான். என்னை நம்பித்தான் குடுத்தான். அவன் கார்ல மாட்டி, ஏழு பாயிண்டுல நிறுத்துனேன். அன்னிக்கு டீக்கடையில இருபது பேருக்கு நடுவுல கேக்குறான்: "டேய் செம்மலு, டயருக்கே முப்பது பாயிண்டு அடிக்கிறோம். இம்மாம் பெரிய இஞ்சினுக்கு ஏழாடா? ஒன் தைரியம் அவ்வளவுதானா?" எல்லாரும் சிரிச்சாங்க. டயர் காத்து வேற, இஞ்சின் காத்து வேறன்னு நான் வெளக்க ஆரம்பிச்சேன் பாருங்க, அங்கதான் கெட்டேன். கால் மணி நேரம் வெளக்குனேன். வெளக்க வெளக்கச் சிரிச்சாங்க. எந்திரிச்சு வாரப்ப எம்பேரு ஏழு பாயிண்டு.

மேடம் வெளியூரு. எங்க பக்கம் பட்டப்பேரு ஒட்டிக்கிச்சுன்னா, கல்யாணப் பத்திரிகையில அதையும் அச்சடிச்சாத்தான் ஆளு யாருன்னு தெரியும். மகனுக்கும் அதே பேரு, பேரனுக்கும் அதே பேரு. எனக்கு முப்பத்தொம்பது வயசு. அன்னவாசல்ல ஒரு டீச்சர் பொண்ணு, இசைவாணின்னு பேரு, எல்லாம் பேசி முடிஞ்சு பூ வைக்கப் போனோம். பொண்ணோட மாமா அய்யாக்கண்ணு, "மாப்பிள்ளைய ஏன் ஏழு பாயிண்டுங்கிறாங்க?"ன்னு கேட்டாரு. கூட வந்த ஜஸ்டின்தான் பதில் சொன்னான், நடிச்சுக் காட்டி. பொம்பளைங்க பக்கம் சிரிச்ச சிரிப்புல பொண்ணும் சிரிச்சுச்சு. அடுத்த வாரம் ஜாதகம் பொருந்தலைன்னு ஆளு விட்டாங்க. ஜஸ்டின் கெட்டவன் இல்ல மேடம். வாய் மட்டும் அப்படி.

ஆறு மாசம் கழிச்சு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். திருச்சியில ஒரு பெரிய மெக்கானிக்கைப் பார்த்தானாம், இஞ்சினைத் தொறக்காம ஏழுதான் சரின்னு அவரும் சொன்னாராம். "நீ சொன்னதுதான்டா சரி. ஏழே இருக்கட்டும், பெல்ட்டை மட்டும் மாத்திக் குடு"ன்னான். ஷட்டருக்கு உள்ள நின்னு சொன்னான். கேட்டது நான் ஒருத்தன்தான். அதையே டீக்கடையில சொல்லியிருந்தான்னா இன்னிக்கு ரெண்டு பேரும் உயிரோட இருப்பாங்க.

பெல்ட்டை மாத்துனேன். கூடவே சார்ஜர்ல அந்த பெல்ட் ஓடுற சக்கரத்தையும், புல்லிம்போம், மாத்துனேன். புல்லி சிறுசானா பம்பு வேகமாச் சுத்தும், பூஸ்ட் ஏறும். பதினஞ்சு வர்ற மாதிரி லேத்துல நானே கடைஞ்சேன். அப்புறம் பூஸ்ட் எவ்வளவுன்னு முள்ளு காட்டுற கேஜுக்குப் போற ரப்பர் குழாயை ஒரு எடத்துல நெருக்கிக் கட்டி, அதைத் தாண்டி ஊசியில ஒரு ஓட்டை போட்டேன். அழுத்தம் பதினஞ்சு இருக்கும், முள்ளு ஏழுதான் காட்டும். ரெண்டு நாள் வேலை. ரெண்டு நாளும் நல்லாப் பசிச்சுச்சு.

எனக்கு என்ன வேணும்னா, நாலு பேர் பார்க்க அவன் வண்டி ரோட்டுல செத்து நிக்கணும். அவ்வளவுதான். ஏழுலயே வெடிச்சுருச்சுன்னா கெட்ட பேரு எனக்குத்தானேங்கிற புத்தி அப்ப வரல. அவ்வளவு கணக்குப் போட்டவனுக்கு அது வரல பாருங்க.

சனிக்கெழமை காலையில வண்டி எடுக்க வந்தாங்க, அப்படியே மீமிசலுக்கு மீன் வாங்கப் போறதா. கடற்கரை ரோட்டுல விரட்டுவான்னு தெரியும். அவன் பொண்டாட்டி பிளெஸ்ஸியும் போகும்னு தெரியாது. ஊருல என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடுற ஒரே ஆளு அந்தப் பிள்ளைதான்.

"செம்மலண்ணே, இவரு கண்ணுமண்ணு தெரியாம விரட்டுவாரு. நானும் ஏறவா, பயமில்லையே?"ன்னு கேட்டுச்சு.

"முள்ளைப் பாத்துக்கிட்டே போம்மா, ஏழைத் தாண்டாது. தைரியமா ஏறு"ன்னேன். சீட் பெல்ட் போடச் சொன்னேன். எல்லார்ட்டயும் சொல்றதுதான்.

ஜஸ்டின் கார் எரிஞ்ச எடத்துலயே போயிட்டான். பிளெஸ்ஸி மூணாம் நாள், ஆஸ்பத்திரியில. ரெண்டு பொட்டிக்கும் தோள் குடுத்தேன்.

இப்ப இதை யாரும் என்கிட்டக் கேக்கல, எனக்குத் தெரியும். விபத்துன்னுதான் முடிச்சிருக்கீங்க. நீங்க வர்றதுக்கு முன்னால ஏட்டையா ரிப்போர்ட்டை வாசிச்சுக் காட்டி, கையெழுத்துப் போட்டா வீட்டுக்குப் போகலாம்னாரு. பேனாவைக் கூடத் தொறந்துட்டேன். "பூஸ்ட் அளவு குறித்துப் போதிய அறிவில்லாத மெக்கானிக் தெரியாமல் செய்த வேலை"ன்னு இருந்துச்சு. மூடிட்டேன்.

மனசாட்சி உறுத்துது மேடம், அதான் சொல்றேன். அந்தப் பிள்ளை மொகம் சோறு எறங்க விடல. வேற காரணமே கெடையாது. கொலைன்னே எழுதுங்க, எந்தப் பிரிவுல வேணாலும் போடுங்க, எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்துப் போடுறேன். ஒண்ணே ஒண்ணு, எழுதுறதுக்கு முன்னாடி அந்தப் புல்லியை வெவரம் தெரிஞ்ச ஆளுகிட்டக் குடுத்து அளக்கச் சொல்லுங்க. பதினஞ்சு பாயிண்டு, நூல் பிசகாது.