நாற்காலி காலியாத்தான் இருக்கு

இல்லம்மா, இதுக்குமேல மெதுவா பேச எனக்கு வராது. லைப்ரரிதான், தெரியுது. பக்கத்து மேசை போலீஸ்காரர்கூட ரெண்டு தடவ மொறைச்சுட்டாரு. மொறைக்கட்டும். இன்னிக்கு அவரும் என்ன மாதிரி ஒரு புத்தகம்தானே. மனுஷங்களயே புத்தகமா உக்கார வெச்சிருக்காங்க, உன்ன மாதிரி புள்ளைங்க வந்து கத கேக்கணும், மணி அடிச்சா எந்திரிக்கணும். நல்ல கூத்துதான். நீ கொஞ்சம் இப்படித் தள்ளி உக்காரேன். ம், இப்ப சரி.

அட்டையில மாற்றாந்தாய்னு போட்டிருக்கா? நான் சித்தின்னுதான் எழுதிக் குடுத்தேன். பாப்பா என்ன அப்படித்தான் கூப்பிடுவா. இங்க யாரோ மாத்திட்டாங்க.

இந்த லைப்ரரியப் பத்தி எனக்குத் தெரியாதது இல்ல, கேட்டுக்க. மாடி ஒழுகி படிக்கிற ரூம மூடுனது, பழைய மேப்பெல்லாம் கண்ணாடிக்குள்ள வெச்சது, இந்தப் புத்தகக் கூத்து நடக்கப் போறது, எல்லாம் ஃபோன்ல லைப்ரரியோட செய்திப் பக்கத்துல வந்துரும். நான் எதுக்குப் பாக்குறேனா? சும்மாதான். ஃபோட்டோ போடுவாங்க.

சரி, கதைக்கு வர்றேன். நான் அந்த வீட்டுக்கு ரெண்டாந்தாரமாப் போனப்ப பாப்பாவுக்குப் பால்பல்லுகூட விழல. பெத்தவ போய்ச் சேந்துட்டா. நான் போட்டா சாப்பிட மாட்டேன்னு ஒரே அடம். தட்ட வெச்சிட்டு கதவுக்குப் பின்னால போய் நின்னுக்குவேன். நான் இல்லன்னு நெனச்சு சாப்பிடும்னு எனக்கு நெனப்பு. ஒருநாள் வாயில சோத்த வெச்சுக்கிட்டே சொல்றா, ரொம்ப நேரமா நிக்கிற, காலு வலிக்கும், வந்து உக்காருன்னு. எல்லாந் தெரிஞ்சுதான் சாப்பிட்டிருக்கா, கள்ளி.

அதுக்கப்புறம் அவ என் புள்ளதான். எனக்குன்னு ஒண்ணு வேணும்னு தோணவே இல்ல.

அவ வெளியூர்ல கடைசிப் பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கப்ப அவங்கப்பாவுக்கு நெஞ்சுல கட்டி. புள்ளைக்குச் சொல்லக் கூடாதுன்னு என் தலையில கை வெச்சு சத்தியம் வாங்கிட்டாரு. அவ ஃபோன் பண்ணி அப்பா எங்கம்பா. குளிக்கிறாரும்பேன். தூங்குறாரும்பேன். ஃபோன வெச்சிட்டு அடுப்படியில போய் அழுவேன். பரீட்சை முடியட்டும் முடியட்டும்னாரு, அதுவரைக்கும் உசுரு நிக்கல.

வந்தவ அழக்கூட இல்ல. எங்கப்பாவ எனக்குக் காட்டாம நீங்களே வெச்சுக்கிட்டீங்க, பெத்தவளா இருந்தா சொல்லியிருப்பான்னா. நீங்கன்னு அவ என்னச் சொன்னது அன்னிக்குத்தான். அதோட போனவதான்.

சொல்லியிருக்கலாமேங்கிறியா? தெரியலம்மா. தெனம் என்னயே கேட்டுப் பாத்துக்குறேன். அவரு கை என் தலையில இருந்துச்சு.

அந்தக் கடைசி ராத்திரி அவரு நெனவில்லாம கெடக்கப்ப, சத்தியத்தத் தூக்கிப் போட்டுட்டு அவளுக்கு ஃபோன் போட்டேன். விடாம போட்டேன். மறுநாள் பரீட்சைன்னு அணைச்சு வெச்சிருந்திருக்கா. அத அவகிட்ட சொல்லத்தான் எனக்கு எடமே கெடைக்கல. அவதான் ஃபோன எடுக்க மாட்டேங்கிறாளே.

மணி அடிச்சிருச்சா? சரிம்மா, கெளம்பு. பொறுமையா கேட்ட, நல்லாருப்ப. சத்தமா பேசுனதுக்குக் கோவிச்சுக்காத, உனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்னு தெரியும். உனக்காக இல்ல அது. நீ போற வழியில அலமாரிக்குப் பின்னால, மணியக் கையில வெச்சுக்கிட்டு முடியக் குட்டையா வெட்டுன பொண்ணு ஒண்ணு நிக்குதுல்ல. ஃபோட்டோவுல எல்லாம் ஓரத்துல நாற்காலி தூக்கிக்கிட்டு நிப்பா. விரலால பெருசாக்கிப் பாத்தா மொகம் கலைஞ்சு போயிரும். காலைல நான் வந்தப்ப, மேடம், உங்க மேசை அதுன்னா. என்னப் போய் மேடம்னா.

ஒண்ணும் வேணாம், போறப்ப அவகிட்ட இத மட்டும் சொல்லிடு. ரொம்ப நேரமா நிக்கிறா, காலு வலிக்கும், இங்க நாற்காலி காலியாத்தான் இருக்குன்னு.