சத்து ஊசி

குன்னம் பக்கம் வெங்காய அறுவடை முடிந்தால் என் மருந்துக் கடைக்கு இடுப்பு வலிக்காரர்கள்தான் வருவார்கள், சார். சிங்காரவேலு ஊசி போட்டால் வலிக்காது என்பார்கள்.

2002இல் எங்களுக்குப் பிறந்த பெண் குழந்தை அன்றைக்கே இறந்துபோனது. என் மனைவி அம்சவள்ளி சோறு தண்ணீர் இல்லாமல் அழுதாள். என்னால் கேட்க முடியவில்லை. சத்து ஊசி என்று சொல்லி, ஓபியம் வகை வலி ஊசி ஒன்றைப் போட்டேன். அடங்கினாள். மறுநாளும் போட்டேன். பிறகு தினமும்.

மாதவிலக்கு நின்றுபோனது. குழந்தை போய் வருஷம் திரும்பியும் அவளுக்குப் பால் கசிந்தது.

"பால் வருதுங்க. புள்ள வரப்போவுதுன்னுதான அர்த்தம்?" என்று சிரித்தாள். நான் தலையாட்டினேன்.

பிள்ளை வரவில்லை. அவளே பிடிவாதம் பிடித்து என்னைத் திருச்சிக்கு இழுத்துப்போனாள். ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா சொன்னார்: "மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி. கருமுட்டைக்கான ஹார்மோன் அதுல கொறஞ்சிருக்கு, பாலுக்கானது கூடியிருக்கு. ஓபியம் வகை மருந்தால இப்படி ஆகும். ஏதாச்சும் போடுறீங்களா?"

"சத்து ஊசி மட்டும் இவரே போடுவாருங்க" என்றாள் பெருமையாக.

"பி காம்ப்ளக்ஸ்ங்க" என்றேன்.

"அப்ப உடம்பே அந்த மாதிரி ஒண்ணைக் கூடுதலாச் சுரக்குதோ என்னவோ. அதைத் தடுக்குற மாத்திரை தரேன்."

ஊசிக்குப் பழகிய உடம்பை அந்த மாத்திரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லியிருந்தால் ஊசியை மெல்ல நிறுத்தியிருப்பார்கள். மாதவிலக்கு திரும்பியிருக்கும். ஆனால் அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறியிருக்குமே. ஒருதடவை மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போனால் பிள்ளை ஆசையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். தண்ணீர் டம்ளரை நான்தான் நீட்டினேன்.

வாந்தி எடுத்தாள். நடுங்கினாள். "ஒடம்பெல்லாம் முறிக்குதுங்க, அந்தச் சத்து ஊசியப் போடுங்க" என்று என் காலைப் பிடித்தாள். போட்டேன். மாத்திரை அதைத் தடுத்தது. மறுநாள்வரை போட்டுக்கொண்டே இருந்தேன். மாத்திரையின் வேகம் இறங்கியதும் போட்டதெல்லாம் சேர்ந்து பிடித்துக்கொண்டது. அவள் முகம் தெளிந்தது.

"இப்பத் தேவலங்க. புள்ளைக்கு ஒரு தொட்டில் வாங்கணும்" என்றாள்.

பிறகு மூச்சு குறைய ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி அடுத்த தெருவில்தான் இருக்கிறது. தூக்கிப்போயிருந்தால் என்ன ஊசி என்று கேட்டிருப்பார்கள். அவள் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவளைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் எழுதுங்கள், சார்: இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள்மேல் நான் ஒருநாளும் கை ஓங்கியதில்லை.